ஆட்டம் காண எளிய வழிகள்

மொட்டை மாடியில் சொந்தமாக ஒரு சிஎன்சி ரவுட்டர் கட்டுவதென்று முடிவு செய்துவிட்டீர்கள். நல்லது. மோட்டார் வந்தாயிற்று. டிரைவர், பவர் சப்ளை, கன்ட்ரோலர் எல்லாம் வந்தாயிற்று. ஸ்பிண்டில் எத்தனை வாட் என்பதை கேஸ் சிலிண்டர் போடவந்த தம்பியிடம்கூடச் சொல்லியாயிற்று. அட்டைப்பெட்டியின் அடியில் மூன்று பால் ஸ்க்ரூ, எண்ணெய்த் தாள் சுற்றியபடி படுத்திருக்கின்றன. 1605 ரகம்: 16 மில்லி கனம், ஒரு சுற்றுக்கு 5 மில்லி நகர்வு. பாக்கி ஒன்றே ஒன்றுதான், அவற்றின் முனைகளைத் தாங்கும் பேரிங். கையில் முந்நூற்றைம்பது ரூபாய் மிச்சம் இருக்கிறது.

மிகச் சரியான கட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள். இனி நான் சொல்வதை வரிசையாகச் செய்யுங்கள். மூன்று வருடம் இதே முறையில் உழைத்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

1. சுழற்றிப் பார்த்து வாங்குங்கள்

பேரிங் என்றால் சுற்ற வேண்டும்; நன்றாகச் சுற்றினால் நல்ல பேரிங். இந்த நம்பிக்கையை விடாமல் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. விரலில் மாட்டி ஒரு தட்டு தட்டுங்கள். பம்பரம்போல எது அதிக நேரம் சுற்றுகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே கிரீஸ் கிடையாது, குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவே இடம் தாராளம், அதனால்தான் இப்படிச் சுற்றுகிறது என்று பக்கத்தில் நிற்பவர் யாராவது சொல்வார். பொறாமை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் இன்னொன்றும் சொல்லக்கூடும். கட்டர் மரத்தைத் தள்ளும்போது மரம் திருப்பித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் நட் வழியாக ஸ்க்ரூவுக்குப் போகிறது, ஸ்க்ரூ நெடுக ஓடுகிறது, கடைசியில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய அந்த ஒரு பேரிங்கின் மேல் வந்து முட்டுகிறது. அது முன்னே பின்னே அசைந்தால் மொத்த மெஷினும் அசையும். அதாவது, இந்தப் பேரிங்குக்குச் சம்பளமே அசையாமல் இருப்பதற்குத்தான். அழுத்தி இறுக்கிய நல்ல ஜோடி, கையில் சுற்றினால் சோம்பேறித்தனமாகத்தான் சுற்றும். இதையெல்லாம் கேட்டால் தூக்கம் போய்விடும். ஸ்பிண்டிலின் வாட்டைப் பற்றிப் பேச்சை மாற்றுங்கள்.

2. நம்பரை மட்டும் சொல்லுங்கள், எதற்கென்று சொல்லாதீர்கள்

பாரிமுனைப் பக்கம் பேரிங் கடைக்குப் போங்கள். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்பார்:

"என்ன நம்பர்?"

"6001, ரெண்டு."

"எதுக்கு சார்? மோட்டாருக்கா?"

இங்கேதான் ஆபத்து. உண்மையைச் சொன்னால் அவர் வேறு பெட்டியைத் திறந்துவிடக்கூடும். "ஆமாண்ணே, மோட்டாருக்குத்தான்" என்று சொல்லிவிடுங்கள். உடனே அவர் மோட்டார்காரர்கள் விரும்பி வாங்கும் சி3 ரகத்தைத் தருவார். சூடாகி விரியும்போது பிடித்துக்கொள்ளாமல் இருக்க, உள்ளே கூடுதல் இடைவெளி விட்டுச் செய்தது அது. 12 மில்லி துளைக்குச் சாதாரணப் பேரிங்கில் இடைவெளி 3 முதல் 18 மைக்ரான் வரை. சி3-யில் 11 முதல் 25 வரை. மைக்ரான்தானே, என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? அதே தைரியம்தான் வேண்டும். அந்த இடைவெளி தண்டின் குறுக்குவாட்டில் அளந்தது. டீப் க்ரூவ் பேரிங்கில் தண்டின் நீளவாட்டு அசைவு அதைப்போல எட்டு, பத்து மடங்கு வரும். ரவுட்டர் மேசை நகர்வதும் அதே நீளவாட்டில்தான். பத்து மைக்ரானில் தொடங்கிய நீங்கள் செலவேயில்லாமல் ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்கை எட்டிவிட்டீர்கள்.

கணக்கு பார்ப்பவர்களுக்கு: உங்கள் ஸ்டெப்பர் ஒரு சுற்றுக்கு 200 படி. டிரைவரில் எட்டாகப் பிரித்தால் 1600. ஐந்து மில்லியை 1600-ஆல் வகுத்தால் ஒரு படிக்கு 3 மைக்ரான் சொச்சம். இந்த 3 மைக்ரானைத்தான் எல்லோரிடமும் சொல்ல வேண்டும். பேரிங்கின் நூறு மைக்ரானை யாரும் கேட்கப்போவதில்லை.

இதைவிடச் சிக்கனமானவர்களுக்கு 608 இருக்கிறது. பிள்ளைகள் ஸ்கேட்டிங் காலணியில் வருவது, 8 மில்லி துளை. அதற்காக ஸ்க்ரூவின் முனையை எட்டு மில்லிக்கு ஒல்லியாக்க வேண்டியிருக்கும். ஆக்குங்கள். புதுப்பேட்டையில் கழற்றிப்போட்ட பேரிங்குகளும் கிடைக்கும், இன்னும் பிரமாதமாகச் சுற்றும்.

காசே இல்லாதவர்கள் பேரிங்கே போடாமல் ஸ்க்ரூவை நேராக மோட்டார் கப்ளிங்கில் சொருகிவிடலாம். ஸ்டெப்பர் மோட்டாருக்குள் ஓர் அலை வாஷர் உண்டு; ஸ்பிரிங் மாதிரி வளைந்து கொடுக்கும். ஒவ்வொரு முறை திசை திரும்பும்போதும் மோட்டார் தண்டு மூச்சு விடுவதுபோல உள்ளே வெளியே போய் வரும். பார்க்க அமைதியாக இருக்கும்.

3. ஆங்குலர் காண்டாக்ட்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், ஒன்று வாங்குங்கள்

எங்கேயோ படித்துவிட்டு வந்து "ஸ்க்ரூவுக்கு ஆங்குலர் காண்டாக்ட் போடணுமாமே" என்று கேட்கிற ஆள் நீங்கள் என்றால், உங்களுக்கும் வழி இருக்கிறது. 7001 என்று கேளுங்கள். 6001-இன் அதே அளவு: 12 துளை, 28 வெளிவட்டம், 8 அகலம். ஒன்று போதும் என்று சொல்லிவிடுங்கள்.

இந்த ரகத்தில் குண்டுகள் வளையத்தைச் சாய்வாகத் தொடும். 15 பாகை, 30 பாகை, 40 பாகை என்று சாய்வு கூடக்கூட நீளவாட்டுத் தள்ளலைத் தாங்கும் சக்தியும் கூடும். பால் ஸ்க்ரூவுக்கென்றே 60 பாகையில் தனியாகச் செய்கிறார்கள். அதன் விலையைக் கேட்டபிறகு டீ குடிக்க மனம் வராது, எனவே கேட்காதீர்கள்.

ஆனால் ஒரு பேரிங் ஒரு பக்கத் தள்ளலை மட்டும்தான் தாங்கும். வளையத்தின் ஒரு பக்கக் கரை உயரம், மறுபக்கம் தாழ்வு. தாழ்ந்த பக்கம் தள்ளினால் குண்டு கரையேறிப் பேரிங்கே பிரிந்து வரும். ஒற்றை 7001 போட்டவர் மெஷினில் மேசை வலது பக்கம் போகும்போது ஜெர்மன்காரன் செய்த மெஷின் மாதிரி இருக்கும். இடது பக்கம் திரும்பும்போது வேறு யாரோ செய்தது.

சரி, இரண்டாகவே வாங்கிவிட்டீர்களா? இரண்டையும் ஒரே திசை பார்த்தபடி மாட்டுங்கள். சினிமா டிக்கெட் வரிசை மாதிரி. ஒரு பக்கம் இரட்டிப்புப் பலம், மறுபக்கம் அதே பழைய பூஜ்யம். முதுகோடு முதுகு அல்லது முகத்தோடு முகம் வைக்க வேண்டும் என்று சொல்வார்கள். அப்படி வைத்து இறுக்கினால் இரண்டும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு ஆட்டம் சுத்தமாக நின்றுவிடும். அப்புறம் இந்தக் கட்டுரையை எதற்குப் படிக்கிறீர்கள்?

ஜோடியாக அரைத்துப் பொருத்திய செட் கேட்கவே கேட்காதீர்கள். அந்த வளையங்களின் முகப்பை மைக்ரான் கணக்கில் சீவியிருப்பார்கள், இறுக்கினாலே வேண்டிய அழுத்தம் தானாக வந்துவிடும். நாம் வேறு வேறு கடையில் ஒவ்வொன்றாக வாங்கி, நடுவில் கல்யாணப் பத்திரிகை அட்டையை வட்டமாக வெட்டி வைப்போம். எத்தனை அட்டை? கை வலிக்கும்வரை.

4. ரெடிமேட் பிளாக் வாங்கினால் திறக்காதீர்கள்

1605 ஸ்க்ரூவுக்கு பிகே12, பிஎஃப்12 என்று ஜோடிப் பிளாக்குகள் கிடைக்கின்றன. பிகே என்பது ஸ்க்ரூவை அசையவிடாமல் பிடிக்கும் முனை, உள்ளே இரண்டு 7001 இருக்க வேண்டும். பிஎஃப் மறுமுனை, உள்ளே ஒரு 6000. இருப்பதிலேயே மலிவான விற்பனையாளரைத் தேடி, நட்சத்திரங்களை எண்ணி, வாங்குங்கள்.

வந்ததும் பளபளப்பைப் பாருங்கள், கறுப்புப் பூச்சைத் தடவிப் பாருங்கள், படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புங்கள். முன்பக்க மூடியின் நான்கு ஸ்க்ரூவை மட்டும் கழற்றாதீர்கள். கழற்றினால் உள்ளே பேரிங்கின் ஓரத்தில் பொறித்த நம்பர் தெரியும். அது 7-இல் தொடங்காமல் 6-இல் தொடங்கலாம். நம்பரே இல்லாமலும் இருக்கலாம். 7-இலேயே தொடங்கி, இரண்டும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கலாம். திறக்காதவரை உங்களிடம் இருப்பது பிகே12. திறந்துவிட்டால் இரண்டாம் படிக்குத் திரும்பப் போகவேண்டி வரும்.

5. லேத் பட்டறைக்கு டிராயிங் கொண்டுபோகாதீர்கள்

ஸ்க்ரூ முனையைக் கடைந்து தர அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத்காரரைப் பிடியுங்கள். நான் பிடித்தவர் முப்பது வருட அனுபவஸ்தர். பேச்சு இப்படிப் போயிற்று:

"அண்ணே, இந்தப் பேரிங் போற மாதிரி இதைக் கடைஞ்சு குடுங்க."

"டைட்டா வேணுமா, லூஸா வேணுமா தம்பி?"

"மீடியமா."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு ஸ்க்ரூவை வாங்கிக்கொண்டார். 12 மில்லிக்கு அதிகபட்சம் 11 மைக்ரான் குறையலாம், கூடக்கூடாது என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் அவர் மைக்ரோமீட்டரை எடுத்திருப்பார். "மீடியம்" என்றதும் வெர்னியரை எடுத்தார். அதுவும் பாதியில் வைத்துவிட்டுக் கையால் தடவிப் பார்த்தார்.

பால் ஸ்க்ரூவின் மேல்தோல் 60 ராக்வெல்லை ஒட்டிய கடினம். சாதாரண டூல் அதன்மேல் வழுக்கும். அவர் கொஞ்ச நேரம் வழுக்கவிட்டு, பிறகு கிரைண்டரை எடுத்து மேல்தோலை உரித்தார். தண்டு 11.8-க்கு வந்தது. பேரிங் உள்ளே போனது, போய் வந்தது, ஆடியது. "கவலையே படாத தம்பி, பஞ்ச் வெச்சுத் தரேன்" என்று தண்டைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு இடத்தில் பஞ்சால் குத்தினார். குத்திய இடமெல்லாம் சின்னச் சின்ன மேடாக எழும்ப, பேரிங் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. அந்த மேடுகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து அமுங்க எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை.

கடையக் கொடுக்கும் முன் நட்டைக் கழற்ற வேண்டும் அல்லவா? குழாய்த்துண்டு எதுவும் வைக்காமல் வெறுமனே திருகிக் கழற்றுங்கள். உள்ளிருந்து குண்டுகள் மொட்டை மாடி முழுக்க ஓடும். ஒவ்வொன்றும் 3.175 மில்லி, அதாவது தச்சர் கணக்கில் சரியாக ஒரு நூல். இவ்வளவு அழகான பொருத்தத்தைத் தவழ்ந்து தேடும்போதுதான் ரசிக்க முடியும். கிடைத்ததை மட்டும் போட்டு மூடுங்கள்.

6. சுத்தியலால் அடியுங்கள்

பேரிங்கைத் தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் குழாய் வைத்து அழுத்தக்கூடாது, அது கோழைகளின் வழி. வெளிவளையத்தில் அடியுங்கள். அடி குண்டுகள் வழியாகப் போய் உள்வளையத்தைத் தள்ளும். போகிற போக்கில் ஒவ்வொரு குண்டும் ஓடுபாதையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழியை விட்டுப்போகும். பிறகு கையால் சுற்றினால் கரகர என்று ஓர் உணர்வு வரும். புதுசு, ஓட ஓடச் சரியாகும் என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

7. லாக் நட்டை விரலால் இறுக்குங்கள்

ஆங்குலர் ஜோடியை அழுத்திப் பிடிப்பது தண்டின் எம்12 புரியில் ஏறும் ஒரு சின்ன லாக் நட். ஸ்பேனர் போட்டு இறுக்கி, பக்கத்தில் இருக்கும் க்ரப் ஸ்க்ரூவைப் பூட்ட வேண்டும். புரி நசுங்காமலிருக்க க்ரப் ஸ்க்ரூவின் அடியில் பித்தளைத் துணுக்கு வைக்க வேண்டும். இதில் எதையும் செய்யாதீர்கள். விரலால் முடிந்தவரை திருகி, "போதும், ரொம்ப டைட் பண்ணா பேரிங் போயிடும்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும் சொல்லுங்கள்.

இந்தப் புரியின் இடைவெளி 1 மில்லி. நட் ஒரு சுற்று கழன்றால் உங்களுக்கு ஒரு முழு மில்லி ஆட்டம் கிடைக்கும். இதை மறந்துவிடாதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

8. மறுமுனை: இரண்டு பள்ளிகள்

முதல் பள்ளி, மறுமுனையை அந்தரத்தில் தொங்கவிடும். 800 மில்லி நீள 1605-ஐ ஒரு முனையில் மட்டும் பிடித்துத் தொங்கவிட்டால், நிமிடத்துக்கு 700 சுற்றை நெருங்கும்போதே ஸ்கிப்பிங் கயிறு மாதிரி வீசத் தொடங்கும். மறுமுனையில் பத்து மில்லி துளையுள்ள ஒரு சாதாரண 6000 பேரிங் இருந்தால் அதே ஸ்க்ரூ 3000 வரை சாதுவாக ஓடும். ஆனால் ஸ்கிப்பிங் கயிற்றைப் பார்க்கப் பக்கத்து மாடிப் பிள்ளைகள் வருவார்கள்.

இரண்டாவது பள்ளி, இரண்டு முனையையும் அசையவிடாமல் இறுக்கும். நான் இந்தப் பள்ளி. இரும்பு, மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 12 மைக்ரான் நீளும். தகரக் கூரை போட்ட மாடியில், மே மாதம், நட்டின் உரசல் சூடும் சேர்ந்து ஸ்க்ரூ 15 டிகிரி ஏறினால் 800 மில்லி ஸ்க்ரூ 0.14 மில்லி நீளும். அது போக இடம் வேண்டும் என்றுதான் பிஎஃப் பிளாக்குக்குள் பேரிங்கின் வெளிவட்டத்தை வழுக்கும்படி விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் அரால்டைட் போட்டு அடைத்துவிடுங்கள். ஸ்க்ரூ நேராக நீள முடியாமல் வில் மாதிரி வளையும், பேரிங்குகள் முனகும். மதியம் ஒரு மெஷின், இரவு பத்து மணிக்கு இன்னொரு மெஷின் என்று ஒரு செலவில் இரண்டு கிடைக்கும்.

9. டயல் கேஜைத் தப்பான இடத்தில் வையுங்கள்

ஆட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு நாசகார வழி உண்டு. ஸ்க்ரூ முனையில் இருக்கும் சென்டர் குழியில் கொஞ்சம் கிரீஸ் தடவி ஒரு சின்ன எஃகுக் குண்டை ஒட்டவைக்க வேண்டும். டயல் கேஜின் ஊசியை அந்தக் குண்டின் மேல் வைத்து, மேசையைக் கையால் முன்னும் பின்னும் தள்ள வேண்டும். முள் அசைந்தால் குற்றவாளி பேரிங். அசையாவிட்டால் நட், அல்லது வேறெங்காவது. முழு விசாரணையும் இரண்டு நிமிடம்.

இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதாலேயே இதைத் தவிர்க்க வேண்டும். கேஜை மேசையின் நடுவில் வையுங்கள். அங்கே எல்லா ஆட்டமும் சேர்ந்து ஒரே எண்ணாகத் தெரியும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு முதலில் கப்ளிங்கை மாற்றுங்கள், பிறகு நட்டை, பிறகு ரெயிலை, பிறகு கன்ட்ரோலரை. இது எட்டு மாதத்துக்கு நல்ல பொழுதுபோக்கு. பேரிங்கை நினைக்கவே நினைக்காதீர்கள், அது புதுசு.

10. மீதியை சாஃப்ட்வேரில் சரிசெய்யுங்கள்

மாக்3-யில் பேக்லாஷ் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 0.3 என்று போடுங்கள். திசை திரும்பும்போதெல்லாம் மெஷின் அந்த 0.3-ஐக் கூடுதலாக ஓடி ஈடுகட்டும். மெஷின் வெறுமனே ஓடும்போது அளந்தால் பிரமாதமாக இருக்கும். மரத்தில் கட்டர் இறங்கிய நொடியில், மரம் தள்ளும் பக்கமெல்லாம் மேசை அந்த 0.3-க்குள் தன்னிஷ்டப்படி உலாவும். கட்டர் மரத்தை இழுத்து விழுங்கும் திசையில் வெட்டினால் மேசை குதிக்கவே செய்யும். ஆகவே எப்போதும் மரம் வைக்காமல் அளந்து பாருங்கள்.

11. உறவினருக்கு ஏதாவது செய்து தருவதாக வாக்குக் கொடுங்கள்

அண்ணன் மகள் எல்கேஜி சேர்ந்தபோது, அவளுக்கு மரத்தில் உயிரெழுத்துப் பலகை செய்து தருவதாகச் சொல்லியிருந்தேன். பன்னிரண்டு உயிர், ஓர் ஆய்தம். ஒரே பலகையில், ஒரே ஓட்டத்தில்.

'அ' அச்சில் வார்த்ததுபோல வந்தது. படம் எடுத்து அனுப்பினேன். 'இ'யின் வளைவில் ஒரு சின்ன மூக்கு தெரிந்தது, மரத்தின் கணு என்று நினைத்தேன். 'ஊ'வில் கோடு இரட்டையாக விழுந்தது. 'ஐ'க்கு வரும்போது உள்ளே டொக் டொக் என்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. ஏழாம் படியில் விரலால் இறுக்கியிருந்தேனே, அந்த லாக் நட் ஒவ்வொரு எழுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. நீங்களும் மெஷினை நிறுத்தாதீர்கள். முடிகிற நேரத்தில் யார் நிறுத்துவார்கள்?

'ஃ'-இன் மூன்று புள்ளிகளும் உயரம் பதினைந்து மில்லி, அகலம் பதினான்கு.

"சித்தப்பா, இது என்ன மூணு முட்டை?" என்றாள் அண்ணன் மகள்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். 'அ'வில் இருந்து 'ஃ' வரைக்கும் விரலால் தடவினாள்.

"ஏண்டா, கையாலயே செதுக்கினியா? பரவால்லையே."

இங்கே கவனமாக இருங்கள். "ஆமாம்மா" என்று சொல்லுங்கள். உளி எங்கே என்று கேட்பதற்குள் மாடிக்கு ஏறிவிடுங்கள்.